பின்னாடி போடுங்க

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் எனக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. சொல்வது நான், சவரிமுத்து. எழுதுவது என் மனைவி அமலோற்பவம். எனக்கு எண் தெரியும், என் பெயரைக் கையெழுத்தாக வரையத் தெரியும், அதற்கு மேல் எழுத்து தெரியாது. இவள் பால்வாடியில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள். நான் பேசுவதைப் பாடப்புத்தகம் மாதிரி திருத்தி எழுதுகிறாள். விஷயம் மாறாமல் இருந்தால் சரி.

நோட்டு எதற்கென்றால், அவனிடம் ஒரு நோட்டு இருக்கிறது. அவன் எழுதுகிறான் என்றால் நானும் எழுதுவேன்.

அவன் பெயர் நவநீதன். வயது இருபத்தெட்டு. கோயம்புத்தூர்க்காரன். விமானத்தில் எந்தப் பாரம் எந்த இடத்தில் போக வேண்டும் என்று தாள் போட்டுக் கொடுக்கிற லோடு அதிகாரி. பழைய அதிகாரி மாற்றலாகிப் போனதும் இவனை அனுப்பியிருக்கிறார்கள். நான் லோடர் கேங்குக்கு லீடர். எனக்குக் கீழே ஏழு பேர். முப்பத்து நாலு வருஷமாக விமானத்தின் வயிற்றில் பெட்டி அடுக்குகிறேன்.

காலையில் எங்களை வரிசையாக நிற்க வைத்தான்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. இனிமே நாம எரிபொருள் மிச்சம் பண்ணப் போறோம்.”

“சார், நாங்க டீயைக்கூட மிச்சம் வெக்கிறதில்ல” என்றான் தஸ்தகீர். என் கேங்கில் பின் ஹோல்டை, அதாவது விமான வயிற்றின் பின்பக்கச் சாமான் அறையை, பார்த்துக்கொள்கிறவன் அவன். எல்லோரும் சிரித்தார்கள். நவநீதன் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு விரலின் மேல் படுக்க வைத்தான்.

“பாருங்க. பொட்டியெல்லாம் மூக்குப் பக்கம் போச்சுன்னா விமானம் குனியப் பாக்கும். குனியாம இருக்கறதுக்கு வால்ல இருக்கற சின்ன இறக்கை கீழ அமுக்கும். அந்த அமுக்கறதும் ஒரு பாரம்தானுங்க. இல்லாத பாரத்தைச் சுமந்துட்டுப் பறக்குது. அதுக்கும் சேத்து எண்ணெய் எரியுது. பாரத்தை அளவுக்குள்ளயே கொஞ்சம் பின்னாடி தள்ளிட்டா வால் சும்மா வரும். துபாய் வரைக்கும் முப்பது கிலோ எண்ணெய் மிச்சம். ஒரு விமானத்துக்கு, ஒரு தடவைக்கு. வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாத்துக்கங்க.”

பிறகு என் பக்கம் திரும்பினான். “பெரியவரே, புரிஞ்சுதுங்களா?”

பதினேழு வயதில் மார்க்கெட்டில் இரண்டு சக்கரக் கைவண்டி இழுத்தவன் நான். மூட்டையை முன்னால் ஏற்றினால் நுகத்தடி கையை அமுக்கும், ஒரு தெருவுக்குள் தோள் செத்துவிடும். ஒரு மூட்டையைப் பின்னுக்குத் தள்ளினால் வண்டி தானாகப் போகும். இரண்டைத் தள்ளினால் நுகத்தடி எழும்பி ஆளையே தூக்கிவிடும். அன்றைக்கு இவனுடைய அப்பனே பிறந்திருக்கமாட்டான்.

“புரிஞ்சுது சார்” என்றேன்.

பெரியவராம். ஆதாரில் எனக்கு ஐம்பத்தேழுதான்.

ஜூன் 5, புதன்

அவனுக்கு முதல் பாடம் இன்றே கிடைத்தது.

ஏற்றும்போது முதலில் முன் ஹோல்டு, பிறகு பின் ஹோல்டு. இறக்கும்போது பின் ஹோல்டு முதலில். விமானம் தரையில் நிற்கும்வரை இதுதான் முறை. மீறினால் வால் கனத்து மூக்கு எழும்பும், வால் தரையில் உட்கார்ந்துகூட விடும். இன்று மத்தியானம் துபாய் விமானத்துக்கு நேரம் குறைவு. பெட்டியை மேலே ஏற்றுகிற பெல்ட் வண்டி ஒன்றுதான் இருந்தது. அவன் வாக்கி-டாக்கியில், “பின் ஹோல்டை முதல்ல முடிச்சிருங்க, அப்புறம் முன்ன போலாம்” என்றான்.

“கூடாது சார்.”

“பெரியவரே, நான் கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்.”

“கணக்கு பறக்கறப்ப சார். இது நிக்கிது.”

என்னை விட்டுவிட்டு நேராகத் தஸ்தகீரிடம் சொன்னான். தஸ்தகீர் என்னைப் பார்த்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தொண்ணூறு பெட்டி உள்ளே போனது. நான் மூக்குச் சக்கரத்தின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளவென்று இருக்கிற அந்த உருளை நாலு விரல் வெளியே வந்திருந்தது. ஆறு விரலானது.

“சார், இங்க வாங்க” என்று கூப்பிட்டுக் காட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் கேங்கையே திருப்பி, இருபது பெட்டியை ஓட்டமாக முன் ஹோல்டில் போட வைத்தேன். கால் இறங்கியது.

எல்லோர் முன்னாலும் கேட்டேன்: “கணக்குல இது வந்துச்சா சார்?”

அவன் நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டான்.

ஜூன் 6, வியாழன்

பதினெட்டுப் பெட்டி முருங்கைக்காய். “பின்னாடி போடுங்க” என்றான். பின் ஹோல்டில் போட்டோம். வேறு பேச்சில்லை. வீட்டில் மோட்டார் ரிப்பேர், குடத்தில் தண்ணீர் எடுத்தேன்.

ஜூன் 8, சனி

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். பிறகு, எழுதட்டும் என்று தோன்றியது.

பழைய அதிகாரி லோடு தாளை என் கையில் கொடுக்கும்போதே வாயால் சொல்லிவிடுவார். ஒரு தடவை சொன்னால் போதும். எந்த ஹோல்டில் எத்தனை பெட்டி, எது சக்கர நாற்காலி, எது பிணப்பெட்டி, எதை அவசரமாக இறக்க வேண்டும், எல்லாம் நிற்கும். சாயங்காலம் கேட்டாலும் சொல்வேன். பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்வேன். அதனால் யாருக்கும் குறை இருந்ததில்லை.

இன்று நவநீதன் தாளைக் கொடுத்துவிட்டு, “படிச்சுச் சொல்லுங்க பெரியவரே, எல்லாரும் கேக்கட்டும். எங்க தப்பு வருதுன்னு பாப்போம்” என்றான்.

“கண்ணாடி எடுத்துட்டு வரல சார்.”

“என் கண்ணாடி போட்டுப் பாருங்க.” கழற்றியே நீட்டினான்.

வாங்கிப் போட்டேன். எண்களைச் சொன்னேன். ஒன்று, மூன்று, நாலு, நாற்பத்திரண்டு. இடையில் இருந்த எழுத்துகளைத் தாண்டினேன். அவன் கவனித்துவிட்டான். ஏழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் முன்பே தெரியும். இருபது வருஷமாகத் தெரியும். ஒருவனும் வாயால் சொன்னதில்லை.

“அடடா. சொல்லியிருக்கலாமேங்க” என்றான். அந்தக் குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.

ஜூன் 10, திங்கள்

இப்போது தாளை அவனே படித்துக் காட்டுகிறான். மெதுவாக, சத்தமாக, சொல்லுக்குச் சொல் நிறுத்தி, செவிடனுக்குச் சொல்வது போல. “இருபத்தி, ரெண்டு, பொட்டி, கறிவேப்பிலை. பின்னாடி, போடுங்க. சரீங்களா?” ஏழு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள். போட்டோம்.

தஸ்தகீர் டீக்கடையில், “அண்ணே, அந்தாளு நல்லதுக்குத்தான் பண்றாரு” என்றான்.

“அப்ப நீ அவன்கிட்டயே டீ வாங்கிக் குடி.”

ஜூன் 12, புதன்

ஆபீஸ் சுவரில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறான். நாள் போட்டு, அன்றன்று துபாய் விமானத்தில் மிச்சமான எண்ணெயைப் பச்சைக் கோடாக வரைகிறான். கோடு மேலே மேலே போகிறது. இன்றைக்கு முப்பத்து நாலு கிலோ. மேனேஜர் வந்து அவன் தோளைத் தட்டினார். “நவநீதன், ஹெட் ஆபீஸ்ல உங்க சார்ட்டைத்தான் பேசறாங்க. மத்த ஏர்போர்ட்டுக்கும் இதையே அனுப்பப் போறாங்க.”

அந்தக் கோட்டில் ஒவ்வொரு பெட்டியையும் குனிந்து முழங்காலில் நகர்ந்து வைத்தவர்கள் நாங்கள். அட்டையின் கீழே ஒரு பெயர் எழுதியிருக்கிறது. என்ன பெயர் என்று தஸ்தகீரிடம் கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன்.

ஜூன் 15, சனி

முப்பது பெட்டி வெங்காயம், இருபத்தாறு பெட்டி பூ. பூவை முன்னால், வெங்காயத்தைப் பின்னால். “வெங்காயத்தைப் பின்னாடி போடுங்க” என்றான். போட்டோம். அட்டையில் முப்பத்தாறு.

அமலோற்பவம் கேட்கிறாள், தினமும் இதே கதையா என்று. தினமும் இதே கதைதான். எழுது.

ஜூன் 18, செவ்வாய்

துபாய் விமானம் இரண்டு பத்துக்குப் போனது. நாற்பது பெட்டி முருங்கைக்காய், நூற்று முப்பத்தொரு பயணிப் பெட்டி. ஏற்றினோம். போனது.

இவ்வளவுதானா என்கிறாள். இவ்வளவுதான்.

ஜூன் 19, புதன்

இன்று காலை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர், நவநீதன், இன்னும் இரண்டு பேர். நேற்று துபாயில் ஹோல்டைத் திறந்தவர்கள் போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். தாளில் பின் ஹோல்டு என்று போட்டிருந்த நாற்பது பெட்டியும் முன் ஹோல்டில் இருந்தன. எண்ணூறு கிலோ. விமானியும் புகார் எழுதியிருக்கிறார்.

“நான் பின்னாடி போடுங்கன்னு தெளிவா சொன்னேன்” என்றான் நவநீதன். அவன் சத்தம் போட்டு இன்றுதான் கேட்டேன்.

“ஆமா சார், சொன்னீங்க” என்றேன். “பின்னாடின்னா அப்புறம்னுதான நெனைச்சேன். இப்ப வேணாம், பின்னாடி போட்டுக்கலாம்னு. அதனால டிராலியில நிறுத்தி வெச்சு, எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியா ஏத்தினோம். கடைசியில தொறந்திருந்தது முன் ஹோல்டுதான்.”

மேனேஜர் நவநீதனைப் பார்த்தார். “நீங்க ஹோல்டு நம்பர் சொன்னீங்களா?”

“இல்ல சார். பின்னாடின்னு.”

“என்னங்க இது. ‘பின்னாடி வர்றேன்’னு என் பையன் சொன்னா எனக்குப் பின்னால நிக்கிறான்னா அர்த்தம்?”

நவநீதனின் காது சிவந்துவிட்டது. அவன் இன்னும் பயிற்சிக் காலத்தில் இருக்கிறானாம். வேலை நிரந்தரம் ஆகவில்லை. ஹெட் ஆபீஸிலிருந்து விசாரணைக்கு ஒரு அம்மா வரப் போகிறார். தப்பு யார் பக்கம் என்று முடிவாகிறதோ அவர் வெளியே. அதுவரை என் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாஸ் இல்லாமல் விமானத்தின் பக்கத்தில் போக முடியாது.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அமலோற்பவம் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

“அப்புறம்னுதான் நெனைச்சீங்களா?”

“எழுது.”

“எழுதறதுக்கு இல்ல. கேக்கறேன்.”

“எழுதுன்னு சொன்னேன்.”

எழுதியிருக்கிறாள்.

ஜூன் 20, வியாழன்

தஸ்தகீர் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

“அண்ணே, என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க.”

“போய்ட்டு வா.”

“நான் பின் ஹோல்டுல உக்காந்துட்டு வாக்கியில கேட்டேன்ல. ‘அண்ணே, நாப்பது பொட்டி இங்க வரலையே’ன்னு.”

“கேட்டியா?”

“கேட்டேன். நீங்க ‘வராது, கதவ சாத்து’ன்னீங்க.”

அவன் உள்ளே எட்டிப் பார்த்து அமலோற்பவத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “பொய் சொல்லச் சொல்லாதீங்க. மூணு பொம்பளப் புள்ள வெச்சிருக்கேன், எனக்கும் அந்தப் பாஸ்தான். கேட்டா சொல்லுவேன். கேக்கலன்னா சொல்லமாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்.”

“நான் உன்னை ஏதாவது கேட்டனா?”

“அதான் இல்லையே. ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா நல்லாருக்கும்” என்றான். போய்விட்டான்.

ஜூன் 22, சனி

வீட்டில் இருப்பது பெரிய தொந்தரவு. மோட்டார்க்காரன் வந்தான். ஒரு வேலையும் தெரியாதவன், திட்டி அனுப்பினேன். பக்கத்து வீட்டுக்காரன் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறான், அவனையும் திட்டினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அமலோற்பவம் இந்த நோட்டை எடுத்து முன்பக்கங்களைப் புரட்டினாள். சத்தமாகப் படித்தாள். “ஆறாம் தேதி. பின்னாடி போடுங்க என்றான். பின் ஹோல்டில் போட்டோம். பத்தாம் தேதி. பின்னாடி போடுங்க. போட்டோம். பதினஞ்சாம் தேதி...”

“என்ன சொல்ல வர்றே?”

“ஒண்ணும் சொல்லல. உங்க நோட்டைத்தான் உங்களுக்குப் படிச்சுக் காட்டறேன். உங்களுக்குத்தான் படிக்க வராதே.”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. இதையும் எழுது என்று சொன்னேன். எழுதுகிறாள்.

ஜூன் 25, செவ்வாய்

அவன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

அமலோற்பவம் நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தான், நோயாளியைப் பார்க்க வருகிறவன் போல. நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

“பெரியவரே, நாளன்னைக்கு விசாரணைக்கு மைதிலி மேடம் வர்றாங்க. நீங்க ‘அப்புறம்’னு நெனைச்சேன்னு சொன்னா என் வேலை போயிருமுங்க. நான் ‘பின் ஹோல்டு’ன்னு முழுசா சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்புதான். ஆனா நீங்க வேணும்னு பண்ணீங்கன்னு நான் சொன்னா உங்க வேலை போயிரும். ஒருவேளை கேஸ்கூட ஆகும்.”

“சொல்லு. யார் வேணாங்கறா?”

“ரெண்டு பேருக்கும் வேண்டாம்னுதான் வந்தேன்.” டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். “மறந்துட்டேன்னு சொல்லிருங்க. வயசாயிருச்சு, அன்னைக்கு ஞாபகம் தப்பிருச்சுன்னு. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. உங்களை உள்ளே லக்கேஜ் பெல்ட்டுல போடுவாங்க. நிழல்ல வேலை. நான் மேனேஜர்கிட்ட பேசிட்டேன்.”

“என்னான்னு பேசுனே?”

“பெரியவருக்குக் கொஞ்ச நாளாவே மறதின்னு.”

கட்டிலை விட்டு எழுந்தேன்.

“என் கல்யாணத்தன்னைக்கு எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு சொல்லவா? தொண்ணூத்து மூணு மார்ச்சுல பம்பாய் விமானத்துல எத்தனை பெட்டி போச்சு, எத்தனை பூட்டு ஒடஞ்சிருந்துச்சுன்னு சொல்லவா? நீ வந்த மொத நாள் என்ன கலர் சட்டை, எத்தனாவது பட்டன் பிஞ்சிருந்துச்சுன்னு சொல்லவா? எனக்கு மறதியா?”

“கோவிச்சுக்காதீங்க. ஒரு பேச்சுக்குத்தானுங்க.”

“பழத்தை எடுத்துட்டுப் போ.”

எடுத்துக்கொண்டு போகவில்லை. அமலோற்பவம் உரித்துத் தின்றாள்.

ஜூன் 27, வியாழன்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இவள் ஒரு வார்த்தை திருத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

மைதிலி மேடம் ஐம்பது வயது இருக்கும். மெட்ராஸ்காரர். மேசையின் ஒரு பக்கம் நவநீதன், இன்னொரு பக்கம் நான். ஓரமாகத் தஸ்தகீர். மேனேஜர் வாசலில் நின்றார்.

முதலில் என்னைக் கேட்டார். நான் ‘அப்புறம்’ கதையைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே சிரித்தார்.

“இதுல இவரை எப்படிக் குத்தம் சொல்ல முடியும்? நானா இருந்தாலும் அப்படித்தான் எடுத்துப்பேன். பின்னாடி பாத்துக்கலாம்னா பின்பக்கமா பாப்போம்? நவநீதன், எண்ணெயை மிச்சம் பண்ற அவசரத்துல நீங்க வார்த்தையை மிச்சம் பண்ணியிருக்கீங்க. ஹோல்டு நம்பரைச் சொல்லணும்னு உங்களுக்கு ட்ரெயினிங்ல சொல்லலையா?”

“சொன்னாங்க மேடம்.”

“அப்புறம்?”

எனக்கு மனசு குளிர்ந்தது. முடிந்துவிட்டது, என் பாஸ் திரும்பி வந்துவிட்டது என்றே இருந்தேன். தஸ்தகீரை அவர் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது நவநீதன் சொன்னான்: “மேடம், அதுக்கு முன்னாடி ஒன்பது நாள் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். ஒன்பது நாளும் சரியா பின் ஹோல்டுலதான் போட்டாங்க. இவர் மேல தப்பு சொல்லலைங்க. வயசானவர். அன்னைக்கு ஒருநாள் ஞாபகம் தப்பிருச்சு. மறந்துட்டாரு. அவ்வளவுதானுங்க.”

“ஒன்பது நாளா?” மேடம் என்னைப் பார்த்தார். கனிவாகத்தான் கேட்டார். “பெரியவரே, உங்களுக்கு அப்படி ஏதாவது ஞாபகம் இருக்கா? இல்லன்னா பரவாயில்ல. இல்லன்னே எழுதிக்கறேன்.”

இல்லை என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அவன் வெளியே, நான் உள்ளே. பேனா தாளில் காத்துக்கொண்டிருந்தது. நவநீதன் என்னைப் பார்த்த பார்வையில் அந்த அடடா இருந்தது. தாளைப் படிக்கச் சொன்ன அன்றைக்கு வந்த அதே அடடா.

“இருக்கு” என்றேன். “ஆறாந்தேதி வியாழக்கிழமை, பதினெட்டுப் பொட்டி முருங்கைக்காய், பின்னாடின்னாரு, போட்டது நாலாம் நம்பர். மூணும் நாலும்தான் பின் ஹோல்டு. ஏழு, இருபத்தஞ்சு பொட்டி வெண்டைக்காய், அதுல ஒரு பொட்டி நசுங்கியிருந்துச்சு, நாலாம் நம்பர். எட்டு, முப்பது பொட்டி, மூணாம் நம்பர்ல பத்து, நாலுல இருபது. பத்தாந்தேதி இருபத்திரெண்டு கறிவேப்பிலை. பதினொண்ணு, மழைத் தூத்தல், தார்ப்பாய் போட்டு எடுத்துட்டு வந்தோம், பத்தொம்போது பொட்டி, நாலாம் நம்பர். பன்னெண்டு. பதினாலு. பதினஞ்சு, முப்பது வெங்காயம். பதினேழு, பதினாறு பொட்டி. ஒம்போது நாளும் பின்னாடின்னாரு. ஒம்போது நாளும் பின் ஹோல்டுன்னு எனக்குத் தெரியும். பதினெட்டாந்தேதி ஒண்ணு நாப்பதுக்கு அதே வார்த்தை சொன்னாரு. அன்னைக்கும் தெரியும். தஸ்தகீர் பின்னால உக்காந்து ‘வரலையே’ன்னு கேட்டான். ‘வராது, கதவ சாத்து’ன்னேன். எனக்கு எதுவும் மறக்கல.”

தஸ்தகீர் கண்ணை மூடிக்கொண்டான்.

“தெரிஞ்சே போட்டீங்களா?” என்றார் மேடம். இப்போது கனிவு இல்லை.

“தெரிஞ்சேதான்.”

“ஏன்?”

“அந்தப் பச்சைக் கோடு ஒருநாள் எறங்கட்டும்னு. மூக்கு கனத்தா எண்ணெய் கூடப் போகும். முப்பது கிலோ, நாப்பது கிலோ. வேற என்ன ஆயிரும்?”

அவர் விமானி எழுதிய புகாரை எடுத்தார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பாரம் பின்னால் இருக்கிறது என்ற தாளை நம்பி வாலை அதற்கேற்ற மாதிரி வைத்துவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். எழும்ப வேண்டிய வேகத்தில் இழுத்தபோது மூக்கு எழும்பவில்லை. இன்னும் இழுத்திருக்கிறார். எழும்பவில்லை. இரண்டு கையாலும் இழுத்திருக்கிறார். வழக்கமாக எழும்புகிற இடத்தைத் தாண்டி நானூறு மீட்டர் ஓடிய பிறகு எழுந்திருக்கிறது.

“நூத்தி எழுபத்திரெண்டு பேர்” என்றார். “இந்த எண்ணும் உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும்.”

கைவண்டியில் நானூறு மீட்டர் கிடையாது. பாரத்தை மாற்றினால் கை உடனே சொல்லும். அந்த விமானிக்குக் கை சொன்னபோது ஓடுபாதை பாதிக்கு மேல் போய்விட்டிருக்கிறது. இது எனக்குத் தோன்றவில்லை. முப்பத்து நாலு வருஷம் அடியில் நின்றவனுக்குத் தோன்றவில்லை.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் பெயரை வரைந்தேன்.

வெளியே கேட் வரைக்கும் நவநீதன் பின்னாலேயே வந்தான்.

“ஏன் சொன்னீங்க? ஜெயிச்சுட்டீங்க. மேடம் எழுதியே முடிச்சுட்டாங்க.”

“நீ மறந்துட்டேன்னு சொன்னே.”

“அதுக்காகவா?”

“அதுக்காகத்தான்.”

“உங்களைக் காப்பாத்தத்தான் சொன்னேன்.”

“யார் கேட்டா?”

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். நான் நடையைக் கட்டினேன்.

ஜூன் 29, சனி

கடிதம் வந்தது. அமலோற்பவம் படித்துக் காட்டினாள். வேலை நீக்கம். எந்த விமான நிலையத்திலும் இனி பாஸ் கிடையாது. போலீஸுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறார்களாம். நவநீதனுக்கு எச்சரிக்கை மட்டும். இனி ஹோல்டின் நம்பரைச் சொல்லி, கேட்டவன் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் பெட்டி ஏற வேண்டும் என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டிருக்கிறார்கள். ‘பின்னாடி’ என்ற சொல்லையே வாக்கியில் பேசக்கூடாதாம்.

இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். ஒரு தடவையிலேயே நின்றுவிட்டது. இருந்தாலும் சொன்னேன்.

“வருத்தமா?” என்று கேட்டாள்.

“எதுக்கு?”

“எதுக்குன்னு நீங்கதான் சொல்லணும்.”

ஜூலை 4, வியாழன்

தஸ்தகீர்தான் இப்போது லீடர். ஒரு வார்த்தை வந்து சொல்லவில்லை. வந்திருந்தாலும் திட்டித்தான் அனுப்பியிருப்பேன்.

ஆறு நாளாக மத்தியானம் சாப்பிட்டதும் காம்பவுண்டு சுவரை ஒட்டிய ரோட்டுக்குப் போகிறேன். எங்கே போகிறீர்கள் என்று இவள் கேட்டாள். வெயில் காய என்றேன். ஜூலை வெயிலிலா என்றாள்.

அங்கே ஒரு வேப்பமரம் இருக்கிறது. உள்ளே ஒன்றும் தெரியாது. துபாய் விமானத்தின் இன்ஜின் உறுமல் ஏறுவது கேட்கும், சுவருக்கு மேலே மூக்கு எழும்புவது தெரியும். உறுமல் ஏறியதும் எண்ண ஆரம்பிக்கிறேன், மூக்கு தெரிந்ததும் நிறுத்துகிறேன். சனிக்கிழமை முப்பத்தாறு. ஞாயிறு முப்பத்தைந்து. திங்கள் முப்பத்தெட்டு, வெயில் அதிகம், அன்றைக்குச் சட்டை நனைந்துவிட்டது. செவ்வாய் முப்பத்தாறு. நேற்று மழைக்காற்று, முப்பத்து நாலு.

பதினெட்டாம் தேதி நான் எண்ணவில்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன். அந்த ஒரு எண்தான் என்னிடம் இல்லை.

இன்று முப்பத்தைந்தில் மூக்கு தெரிந்தது. லேசாக எழுந்தது, கை வலிக்காமல் இழுத்த மாதிரி. பாரத்தைச் சரியாகப் பின்னால் வைத்திருக்கிறான் நவநீதன், சனியன் பிடித்தவன்.

நாளைக்கும் போவேன். அதையும் எழுதிக்கொள்.